கவுண்டி கேக்குது, ரிச்மண்ட் கொடுக்கணும்: ஃபேர்ஃபேக்ஸ் கேள்வி பதில்

ஒவ்வொரு டிசம்பரும், அமெரிக்கால வர்ஜீனியா மாநிலத்துல இருக்கற எங்க ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி போர்டு ஒரு டாக்குமென்ட் பாஸ் பண்ணும், லெஜிஸ்லேட்டிவ் ப்ரோக்ராம்னு பேரு. மாநிலத் தலைநகர் ரிச்மண்ட்ல இருக்கற சட்டசபைகிட்ட எங்களுக்கு இந்தச் சட்டம் வேணும், இந்தப் பணம் வேணும், இதுல மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்கன்னு சொல்ற பட்டியல். பசங்க ஸ்கூல் விஷயமா ஒரு கமிட்டில உக்காந்ததுல இருந்து இதை வருஷா வருஷம் படிச்சிட்டு வர்றேன். வக்கீல் இல்ல, லாபியிஸ்ட் இல்ல, சும்மா விடாம படிக்கற ஆளு. பொங்கல் பார்ட்டில கேட்டது, வாட்ஸாப்ல கேட்டது எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

புதுசா வந்த ஹெர்ண்டன்வாசி: அக்கா, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா? வீட்டு வரி, கார் வரி எல்லாம் இவங்கதானே வாங்கறாங்க, அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கை ஏந்தணும்?

சைஸ்ல மாவட்டம்தான், கிட்டத்தட்ட 11.5 லட்சம் பேர். ஆனா கலெக்டர் கிடையாது. போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்னு ஓட்டுப் போட்டு எடுத்த 10 பேர், தொகுதிக்கு ஒருத்தரா 9 பேரு, சேர்மன் மட்டும் கவுண்டி முழுக்க நின்னு ஜெயிக்கணும்.

கை ஏந்தறதுக்குக் காரணம் டில்லன் ரூல். 1868ல ஐயோவா மாநிலத்துல ஜான் டில்லன்னு ஒரு ஜட்ஜ், உள்ளாட்சிக்கு மாநிலம் வெளிப்படையா எந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கோ அதுவும், அதைச் செய்யத் தேவையானதும் மட்டும்தான் உண்டு, சந்தேகம் வந்தா இல்லைன்னே வெச்சுக்கோன்னு தீர்ப்பு எழுதினாரு. வர்ஜீனியா இன்னைக்கும் அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கு. ஒரு உதாரணம் சொல்றேன். கடைல பிளாஸ்டிக் பைக்கு 5 சென்ட் வாங்கறாங்க இல்ல, அந்த 5 சென்ட்டுக்கு 2020ல ரிச்மண்ட்ல சட்டம் போட்டு அனுமதி கொடுத்த பிறகுதான் கவுண்டி போர்டு ஓட்டுப் போட்டு 2022 ஜனவரில இருந்து வசூல் பண்ண முடிஞ்சுது. இன்னொண்ணு, கோர்ட் வளாகத்துல இருந்த ஜான் குவின்சி மார்ங்கற கான்ஃபெடரேட் (உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தெற்குப் படை) கேப்டனோட நினைவுக்கல், அதை எடுக்கவும் 2020ல சட்டத்தை மாத்த வேண்டியிருந்துது, அந்த நவம்பர்லதான் எடுத்தாங்க. தன் வாசல்ல இருக்கற கல்லை நகர்த்த 100 மைல் தள்ளி இருக்கறவங்ககிட்ட பர்மிஷன்!

சென்ட்ரெவில் தோசைப் பிரியர்: ஜனவரில இருந்து ஓட்டல் பில்லுல புதுசா 4 சதவீதம் வருது. இதையும் ரிச்மண்டா போட்டுச்சு?

இல்லைங்க, இது நம்ம போர்டு போட்டது. ஆனா போடற உரிமை ரிச்மண்ட்ல இருந்து வந்தது. முன்னாடி வர்ஜீனியால சிட்டிகளும் டவுன்களும் மீல்ஸ் டாக்ஸ் இஷ்டப்படி போடலாம், கவுண்டின்னா மக்கள்கிட்ட ரெஃபரண்டம், அதாவது நேரடி ஓட்டெடுப்பு, வெக்கணும். ஃபேர்ஃபேக்ஸ் 1992லயும் 2016லயும் வெச்சுது, ரெண்டு தடவையும் தோத்துது. எங்களுக்கும் சிட்டிக்கு சமமா அதிகாரம் குடுங்கன்னு கவுண்டிங்க எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா கேட்டுட்டே இருந்து, 2020ல சட்டம் மாறிச்சு. ரெஃபரண்டம் வேண்டாம், 6 சதவீதம் வரைக்கும் போர்டே போட்டுக்கலாம். 2025 மே மாசம் பட்ஜெட்ல 4 சதவீதம்னு முடிவு பண்ணாங்க, 2026 ஜனவரி 1ல இருந்து அமல்.

15 டாலர் தோசைக்கு முன்னாடி 6 சதவீத சேல்ஸ் டாக்ஸ், 90 சென்ட். இப்ப ரெண்டு வரியும் சேர்ந்து ஒண்ணரை டாலர். ரெண்டு தடவை மக்கள் வேண்டாம்னு சொன்னதை சட்டத்தை மாத்தி வாங்கிட்டாங்களேன்னு கோவப்படறவங்க இருக்காங்க, அந்தக் கோவம் எனக்குப் புரியுது. ஆனா இது இல்லன்னா எல்லாச் சுமையும் வீட்டு வரி மேலதான் ஏறும், கவுண்டிக்குன்னு இருக்கற வழியே ரொம்பக் கம்மி. நான் 2016ல எதிர்த்து ஓட்டுப் போட்டவ. இப்ப கேட்டா அப்படிப் போடுவேனான்னு தெரியல.

ரெண்டு பசங்க அம்மா, சாண்டிலி: வருஷா வருஷம் கிளாஸ் சைஸ் ஏறுது, பட்ஜெட் இல்லைன்னு சொல்றாங்க. இவ்ளோ பணக்கார கவுண்டில ஸ்கூலுக்கு எப்படிம்மா பணம் இல்லாம போகும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். அந்த டிசம்பர் பட்டியல்ல கிட்டத்தட்ட எல்லா வருஷமும் முதல் இடத்துல நிக்கறது இதுதான்.

மாநிலம் முதல்ல ஒரு ஸ்கூல் நடத்த குறைஞ்சபட்சம் இவ்ளோ ஆளு, இவ்ளோ செலவுன்னு ஒரு கணக்குப் போடும், ஸ்டாண்டர்ட்ஸ் ஆஃப் குவாலிட்டின்னு பேரு. அப்புறம் அந்தச் செலவுல உன் பங்கு எவ்ளோ என் பங்கு எவ்ளோன்னு பிரிக்க லோக்கல் காம்போசிட் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர். அதுல சொத்து மதிப்புக்கு பாதி, வருமானத்துக்கு 40 சதவீதம், கடை விற்பனைக்கு 10 சதவீதம் வெயிட். ஃபேர்ஃபேக்ஸ் நம்பர் 0.65 பக்கம் வரும், அதாவது 100 ரூபால 65 ரூபா நாம, 35 மாநிலம். வசதியான ஊரு கூடக் குடுக்கறது நியாயம்தானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா இந்த ஃபார்முலா நம்மகிட்ட என்ன இருக்குன்னு மட்டும் பாக்குது, இங்க ஒரு டீச்சர் வாடகை குடுத்துக் குடியிருக்க என்ன ஆகும்னு பாக்கறதில்ல.

அதைவிடப் பெரிய ஓட்டை அந்த முதல் கணக்குலயே இருக்கு. 2023ல சட்டசபையோட சொந்த ஆய்வு அமைப்பு ஜேலார்க் ஒரு ரிப்போர்ட் வெளியிட்டுது. மாநில ஃபார்முலாப்படி ஸ்கூல்களுக்குத் தேவை 1,13,500 ஊழியர்கள், நிஜத்துல ஸ்கூல் மாவட்டங்கள் வேலைக்கு வெச்சிருந்தது 1,71,400 பேர். ஏறக்குறைய 58,000 பேர் கணக்குலயே இல்ல! ஃபார்முலா கேக்கறதுக்கு மேல உள்ளாட்சிங்க சொந்தக் கையில இருந்து போட்டது ஒரே வருஷத்துல 6.6 பில்லியன் டாலர். வர்ஜீனியா ஸ்கூல்களுக்கு மாணவருக்குக் கிடைக்கற பணம் தேசிய சராசரியைவிட 14 சதவீதம் கம்மின்னும் அதுலயே இருக்கு. 2009 மந்தத்தப்ப தற்காலிகமா செலவைக் குறைக்க ஃபார்முலால கை வெச்சாங்க, நிலைமை சரியான பிறகும் அந்த வெட்டு வருஷக்கணக்கா அப்படியே கிடந்துது. தற்காலிகம்னு அரசாங்கம் சொன்னா எவ்ளோ நாள்னு நமக்குச் சொல்லித் தரணுமா.

அதனால கவுண்டி தன் ஜெனரல் ஃபண்டுல பாதிக்கும் மேல ஸ்கூலுக்கே குடுத்துட்டும் பத்தலைங்குது. கிளாஸ் சைஸுக்காக ஸ்கூல் போர்டு மீட்டிங்ல போய்க் கத்துங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதே கத்தலை உங்க டெலிகேட்டுக்கும், அதாவது சட்டசபை கீழ்சபை உறுப்பினருக்கும், ஒரு ஈமெயிலாப் போடுங்க.

அதே அம்மா: கட்டடம் கட்டவாவது தனியா வரி போட்டுக்கக் கூடாதா?

ஹாலிஃபாக்ஸ்னு தெற்குல ஒரு சின்ன கவுண்டிக்கு 2019ல 1 சதவீத சேல்ஸ் டாக்ஸ், ஸ்கூல் கட்டடத்துக்கு மட்டும், அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டா, அப்படின்னு அனுமதி கிடைச்சுது. பின்னாடி இன்னும் சிலதுக்கும். எல்லாருக்கும் அதே உரிமை குடுன்னு மசோதா 2024ல ரெண்டு சபைலயும் பாஸாகி அப்ப கவர்னரா இருந்த யங்கின் வீட்டோ பண்ணிட்டாரு. சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடல.

குழில விழுந்த கார்க்காரர்: எங்க சப்டிவிஷன் ரோட்ல குழி. கவுண்டிக்கு மூணு தடவை போன் பண்ணியாச்சு, அசையல. வரி மட்டும் கரெக்டா வாங்கறாங்க.

தப்பான கதவைத் தட்டறீங்க சார். 1932 பேர்ட் ரோடு ஆக்ட்ல இருந்து வர்ஜீனியா கவுண்டிகள்ல தெரு ரோடு வரைக்கும் மாநிலத்தோடது, ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் மட்டும் விதிவிலக்கு. வீடாட்டுக்குப் போன் பண்ணுங்க, அதாவது மாநிலப் போக்குவரத்துத் துறை. டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸ்க்குள்ள இருக்கற பிரைவேட் ரோடா இருந்தா அதுவும் இல்ல, உங்க எச்ஓஏ, அதாவது வீட்டுக்காரங்க சங்கம்தான். ரோடு பராமரிப்புக்குக் கூடப் பணம் ஒதுக்குன்னு கவுண்டி பட்டியல்ல எழுதறது இதனாலதான், திட்டு இங்க விழுது, சாவி அங்க இருக்கு.

கார் வரி கட்டி நொந்தவன்: கார் டாக்ஸை ஒழிச்சுட்டதா எங்க மாமா சொன்னாரே?

மாமா 1997 எலெக்ஷனைச் சொல்றாரு. ஜிம் கில்மோர் ‘நோ கார் டாக்ஸ்’னு சொல்லியே கவர்னர் ஆனாரு. வரி கவுண்டியோடது, ஆனா ஒழிக்கறேன்னு வாக்குறுதி குடுத்தது மாநிலம், அதனால நஷ்டத்தை மாநிலம் ஈடு கட்டணும்னு சட்டம் வந்துது. முதல் 20,000 டாலர் மதிப்புக்கு 70 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி போச்சு. அப்புறம் கஜானா தாங்கல, 2004ல மாநிலம் முழுக்க வருஷத்துக்கு 950 மில்லியன் டாலர்தான், அதுக்கு மேல பைசா கிடையாதுன்னு மூடி போட்டுட்டாங்க. அதுல ஃபேர்ஃபேக்ஸ் பங்கு 211.3 மில்லியன், அன்னைலேர்ந்து இன்னை வரைக்கும் அதே நம்பர். கார் விலை ஏற ஏற அதே பணத்தைப் பிரிக்கறதால உங்க தள்ளுபடி சதவீதம் இறங்கிட்டே போகும்.

மெட்ரோல போற ஐடி ஊழியர்: சில்வர் லைன் டிக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மறைமுகமா. 2018ல வர்ஜீனியா, மேரிலாண்ட், டிசி மூணும் சேர்ந்து மெட்ரோவோட கேபிடல் செலவுக்கு, அதாவது ரயில், தண்டவாளம் மாதிரி கட்டமைப்புக்கு, வருஷம் 500 மில்லியன் டாலர்னு ஒத்துக்கிட்டாங்க, வர்ஜீனியா பங்கு 154 மில்லியன். அதோட ஓட்டற செலவுக்கான மானியம் வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுன்னும் ஒரு கண்டிஷன். கோவிட் வந்து கூட்டம் குறைஞ்சு, விலைவாசி ஏறி, அந்த 3 சதவீதம் எந்த மூலைக்கு? ஓட்டற செலவுக்கும் நிரந்தரமா ஒரு வழி பண்ணுங்கன்னு இப்பக் கேக்கறாங்க.

வரி கட்டுபவர்: அரசாங்கமே அரசாங்கத்துகிட்ட லாபி பண்ண நம்ம காசுல ஆளு வெக்கறது கேவலமா இல்லையா?

பாக்க அப்படித்தான் இருக்கும். ஆனா சட்டசபை எப்படி ஓடுதுன்னு பாருங்க. ஜனவரி ரெண்டாவது புதன் ஆரம்பிச்சு, இரட்டைப்படை வருஷம் 60 நாள், ஒற்றைப்படை வருஷம் பெரும்பாலும் 46 நாள், அவ்ளோதான். 100 டெலிகேட், 40 செனட்டர், பார்ட் டைம் ஆளுங்க, டெலிகேட் சம்பளம் வருஷத்துக்கு 17,640 டாலர். அதுக்குள்ள ஆயிரக்கணக்குல மசோதா, பாதி மசோதா விடியக்காலை சப்கமிட்டில பத்து நிமிஷத்துல செத்துடும். அந்த ரூம்ல இது வந்தா எங்களுக்கு இவ்ளோ நஷ்டம்னு சொல்ல ஒரு ஆளு இல்லன்னா எல்லாம் முடிஞ்ச பிறகுதான் நமக்குத் தெரியும். புது வேலை சுமத்துவாங்க, பணம் தர மாட்டாங்க, எல்லா வருஷமும் கவுண்டி அழற அழுகை இது.

கேக்கறது மட்டுமில்ல, தடுக்கறதும் அந்த ஆளு வேலைதான். 2025ல நம்ம கவுண்டில இருக்கற டைசன்ஸ்ல கேசினோ வெக்க வழி பண்ற மசோதா வந்துது, போர்டு நாங்க இதைக் கேக்கவே இல்லையேன்னு எதிர்த்துது. செனட்ல பாஸாகியும் அந்த வருஷம் கீழ்சபைல, ஹவுஸ்ல, நின்னுடுச்சு.

எச்1பி நண்பர்: ஓட்டு இல்லாத நான் பேசினா யார் கேப்பாங்க அக்கா?

ஓட்டு இருக்கான்னு யாரும் கேக்கறதில்ல தம்பி, இங்க குடியிருக்கீங்க, வரி கட்டறீங்க. செஷனுக்கு முன்னாடி ஜனவரி ஆரம்பத்துல கவர்ன்மென்ட் சென்டர்ல ஃபேர்ஃபேக்ஸ் டெலிகேஷன், அதாவது நம்ம டெலிகேட்டுங்க, செனட்டருங்க எல்லாரும் வரிசையா உக்காந்து மக்கள் பேசறதைக் கேப்பாங்க, முன்கூட்டியே பேர் குடுக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம், யாருக்கும் எலெக்ஷன் நன்கொடை குடுத்துடாதீங்க, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் சட்டப்படி கூடாது.

நான் முதல் தடவை போனப்ப அஞ்சு பக்கம் எழுதிட்டுப் போய், ரெண்டாவது பக்கத்துலயே நேரம் முடிஞ்சுதுன்னு சிவப்பு லைட் எரிஞ்சுடுச்சு, தொண்டை வறண்டு போய் நன்றி கூடச் சொல்லாம இறங்கினேன். அடுத்த வருஷம் ஒரே விஷயம், ஒரே நம்பர், பையனோட ஸ்கூல் டிரெய்லர் கிளாஸ்ரூம் பத்தி ரெண்டு வரி. முடிச்சதும் ஒரு டெலிகேட்டோட உதவியாளர் வெளில வந்து அந்தப் பேப்பரை வாங்கிட்டுப் போனாங்க.

சென்ட்ரெவில் தோசைப் பிரியர்: டவுன் எல்லைக்குள்ள போய்ச் சாப்பிட்டா அந்த 4 சதவீதம் மிச்சமா அக்கா?

கவுண்டி வரி மிச்சம், ஆனா டவுன்களான ஹெர்ண்டனும் வியன்னாவும் சொந்தமா மீல்ஸ் டாக்ஸ் வெச்சிருக்கு. வீட்ல மாவு அரைங்க.