ஜீரோ கோலா குடித்தால் தண்ணீர் குடித்த கணக்கில் சேருமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவருக்கு எடை குறைய வேண்டும், சர்க்கரை நோய் இல்லை, சிங்கப்பூரில் அலுவலக வேலை. வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறதாம். அதனால் காலையிலிருந்து மாலை வரை மேசையில் ஒரு பெரிய பாட்டில் ஜீரோ கோலா வைத்துக் குடிக்கிறார். "கலோரி இல்லை, சர்க்கரை இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தானே, அப்புறம் என்ன?" என்கிறார்.

சர்க்கரை போட்ட கோலாவுக்குப் பதில் என்றால் ஜீரோ கோலா நல்லது. தண்ணீருக்குப் பதில் என்றால் நல்லதில்லை. டின் ஒன்றுதான். அது எதை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

நான் மருத்துவர் இல்லை. ஈசூன் பக்கம் ஒரு பல் மருந்தகத்தில் (கிளினிக்கில்) உதவியாளராக இருக்கிறேன். ஆகவே இந்தப் பதில் பல் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாயும். சாயட்டும். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் புற்றுநோய், எடை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எதுவானாலும் வாய் வழியாகத்தான் வயிற்றுக்குப் போகிறது என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

புற்றுநோய்ப் பயத்தை முதலில் முடித்துவிடலாம். 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டயட் பானங்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமை '2பி' என்ற பிரிவில் போட்டது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் சான்று போதவில்லை என்பதுதான் அந்தப் பிரிவு. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. (எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அஸ்பார்டேம் எச்சரிக்கையை அனுப்பிய அத்தைதான் தினமும் கற்றாழை ஜூஸ் குடிக்கச் சொல்கிறவர்.) அதே நாளில், உணவில் சேர்க்கும் பொருள்களை ஆராயும் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்கிறது என்று வைத்தால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. அவர்களுக்காகத்தான் டின்னில் 'ஃபீனைல்அலனின் உள்ளது' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கோலாவில் காஃபீன் இருக்கிறது, குடித்தால் உடம்பு வறண்டுபோகும் என்று சொல்வதும் சரியில்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பலவகைப் பானங்களைக் கொடுத்து, அடுத்த சில மணி நேரம் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்தார்கள். டயட் கோலாவுக்கும் தண்ணீருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, உடம்புக்கு நீர் சேர்வதை மட்டும் பார்த்தால் கேள்வி கேட்டவர் சொல்வது உண்மைதான்.

எடை விஷயம் இவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் எடை குறைக்கும் திட்டத்தில் இருந்தவர்களிடம் 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. டயட் பானம் குடித்தவர்களுக்கு ஏறத்தாழ 6 கிலோவும், தண்ணீர் குடித்தவர்களுக்கு ஏறத்தாழ 4 கிலோவும் குறைந்தன. செலவு யாருடையது என்று பார்த்தால், அமெரிக்க பானத் தயாரிப்பாளர்கள் சங்கத்துடையது. 2015-இல் ஈரானிலிருந்து வந்த முடிவு தலைகீழ்: மதியச் சாப்பாட்டுக்குப் பின் டயட் பானத்தை விட்டுத் தண்ணீருக்கு மாறிய பெண்களுக்கு 24 வாரத்தில் 8.8 கிலோ, டயட் பானத்தையே தொடர்ந்தவர்களுக்கு 7.6 கிலோ. இரண்டிலும் இரு பக்கத்தாருக்கும் எடை குறைந்தது, ஏனென்றால் எல்லோருமே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதை யாரும் பகிர்வதில்லை. என்னைக் கேட்டால், நாளுக்கு மூன்று டின் சர்க்கரைக் கோலா குடித்தவர் ஜீரோவுக்கு மாறினால் எடை குறையும். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் ஜீரோவுக்கு மாறினால் குறைவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரம் போடும் நம் ஊர் நியூட்ரி கிரேடு முத்திரையைக் கவனித்திருக்கிறீர்களா? 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கு வந்தது, அடுத்த ஆண்டு அதே நாளில் காப்பிக்கடையிலும் பபிள் டீ கடையிலும் கலந்து கொடுப்பவற்றுக்கும் வந்தது. 'ஏ' தரம் வாங்க 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 1 கிராமைத் தாண்டக் கூடாது, கூடவே இனிப்பூட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஜீரோ கோலாவில் சர்க்கரை சுத்தமாக இல்லை, இருந்தாலும் 'பி'தான். நாக்கு எப்போதும் இனிப்பையே தேடும்படி பழகிவிடக் கூடாது என்பதுதான் அந்த விதியின் நோக்கம். வெறும் தண்ணீர் இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் இல்லையா? நாள் முழுக்க இனிப்பாகவே குடித்துப் பழகிய நாக்கு வேறு எப்படிச் சொல்லும்!

சரி, பல்லுக்கு வருகிறேன்.

எங்கள் மருந்தகத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம்: "சர்க்கரையே இல்லாததைத்தானே குடிக்கிறேன், பல் எப்படிப் போகும்?" சொத்தைப் பல்லுக்குச் சர்க்கரை வேண்டும், உண்மை. வாயிலுள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகிறது, அந்த அமிலம் பல்லைத் துளைக்கிறது. ஆனால் டயட் கோலாவில் அமிலம் டின்னிலேயே இருக்கிறது, கிருமி உதவி தேவையில்லை. கோலா என்றால் பாஸ்போரிக் அமிலம், எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவை என்றால் சிட்ரிக் அமிலம். பல்லின் மேலுறையான எனாமல், அமிலக் குறியீடு (pH) சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். டயட் கோலா 3-ஐ ஒட்டி நிற்கிறது. இந்தக் குறியீட்டில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு டின்னை மதியச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் குடித்து முடித்தால் பெரிய சேதமில்லை. எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவில் கொஞ்சத்தைத் திரும்பப் பூசிவிடும். அதற்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். நீங்கள் செய்வது அதுவல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்றால், எச்சில் வேலையைத் தொடங்கும்போதெல்லாம் அடுத்த மிடறு வந்துவிடுகிறது. அலுவலக நேரம் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறுகிறது. தண்ணீர் குடிக்கிற பாணியில் கோலா குடிப்பதுதான் இங்கே சிக்கல், அளவுகூட இரண்டாம் பட்சம்.

இரவு வேலை பார்க்கும் பாதுகாவல் அதிகாரிகள், டாக்சி, டெலிவரி ஓட்டுபவர்கள், விடிய விடியக் கணினி விளையாடும் பையன்கள், இவர்கள் வாயில் இதை நிறையப் பார்க்கலாம். இரவில் எச்சில் சுரப்பது இயல்பாகவே குறைவு. வியர்த்து நீர் இழந்தவருக்கும் வாய் காய்ந்திருக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் வாயை உலர்த்தும். அந்த நேரத்தில் அமிலம் போனால் தடுக்க ஆளில்லை. முன்பற்களின் விளிம்பு கண்ணாடி போலத் தெரியும். கடைவாய்ப் பல்லின் மேட்டில் சின்னச் சின்னக் குழி விழும். மேலுறை தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி வெளியே தெரிவதால், "எவ்வளவு தேய்த்தாலும் பல் வெளுக்க மாட்டேன் என்கிறது" என்று வருவார்கள். பாவம், இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பார்கள். முன்பு அடைத்த ஃபில்லிங் மட்டும் கரையாமல், சுற்றியுள்ள பல்லைவிட உயரமாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் டாக்டர் அதைப் பார்த்ததுமே, "அண்ணன், வேலை நேரத்தில் பக்கத்தில் என்ன பாட்டில் இருக்கும்?" என்றுதான் கேட்பார். கரைந்து போன எனாமல் மறுபடி வளராது. கூச்சத்துக்குப் பற்பசை உண்டு, பூச்சு உண்டு, பல்லுக்கு மேல் மாட்டும் கிரீடமும் உண்டு, அந்தந்த விலையில்.

அமிலப் பானம் குடித்த உடனே பல் தேய்க்காதீர்கள். மிருதுவாகிப் போன மேலுறையைத் தூரிகையே அரித்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

விளையாட்டுப் பானங்களும் இதே கூட்டம்தான். 1883-இல் சிங்கப்பூரில் சோடாத் தண்ணீர் தயாரிக்கத் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ், தன் நூற்றாண்டையொட்டி 1983-இல் கொண்டுவந்ததுதான் 100 பிளஸ், பெயரே அதனால் வந்தது. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியவருக்கு அது உதவும். குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் ஜீரோ வகைகூட வேண்டாத அமிலம்தான்.

இதையெல்லாம் விட்டால் எதைக் குடிப்பது? நம் குழாய்த் தண்ணீரைவிடப் பல்லுக்கு நல்லது ஒன்றும் கிடையாது. சிங்கப்பூரில் 1950-களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், தீவு முழுக்க இதைக் கொண்டுவந்ததில் ஆசியாவிலேயே முதல் நாடு. எனாமலைக் கெட்டிப்படுத்தும் பொருள் தண்ணீரோடு சேர்ந்தே வருகிறது. விலை? 2025 ஏப்ரல் முதல் 1,000 லிட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதம் 40,000 லிட்டர் வரை. அந்தக் காசுக்கு உணவங்காடியில் இரண்டு டின்னைத் தாண்டி வாங்க முடியாது.

சுவை இல்லையே என்றால், லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வெட்டிவேர் கிடைக்கும். கழுவிக் குடத்தில் போட்டு ஊறவைத்தால் தண்ணீர் மணக்கும். சீரகம் கொதிக்க வைத்த தண்ணீரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குடித்துப் பாருங்கள். வெள்ளரித் துண்டு, புதினா எதுவும் போடலாம். எலுமிச்சை மட்டும் வேண்டாம். 'டீடாக்ஸ்' என்று சொல்லி நாள் முழுக்க எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பவர்கள் எங்களிடம் வரும் இன்னொரு கூட்டம். நுரைதான் வேண்டும் என்றால் சுவை சேர்க்காத சோடா குடியுங்கள், அதன் அமிலம் கோலாவோடு ஒப்பிட்டால் மிகவும் லேசானது. காப்பிக்கடையில் தே ஓ கோசோங் பெங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத ஐஸ் தேநீர், கேளுங்கள். கறை படியும்தான், ஆனால் கறையை நாங்கள் அரை மணியில் சுத்தம் செய்துவிடுவோம்.

ஜீரோ கோலாவை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. கல்யாண விருந்தில், தீபாவளி வீட்டில், சர்க்கரை நோய் உள்ள மாமா கையில் பண்டோங்குக்கு (ரோஜாச் சர்பத் கலந்த இனிப்புப் பால்) பதில் ஜீரோ டின்னைக் கொடுப்பேன், சந்தோஷமாகக் கொடுப்பேன். ஒன்றே ஒன்று: இன்சுலின் போடுபவருக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் அப்போது ஜீரோ பானம் உதவாது. சர்க்கரை போட்ட பானம்தான் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் கைக்குக் கிடைத்த டின்னை நீட்டுபவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

உங்களுக்கு: மேசையில் இருக்கும் பாட்டிலில் தண்ணீரை ஊற்றுங்கள், ஜீரோ கோலாவைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு டின் என்று தள்ளி வையுங்கள். ஆரம்பத்தில் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும், பழகிவிடும். இவ்வளவு நாள் இப்படிக் குடித்திருப்பதால் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குளிர்ந்தது பட்டால் கூசுகிறதா என்று அவர் கேட்பார், நாள் முழுக்கக் கோலா குடித்ததை நீங்களாகவே சொல்லுங்கள். சாஸ் (CHAS) என்ற அரசாங்க மானியத் திட்டத்தின் நீல அட்டையோ ஆரஞ்சு அட்டையோ இருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள மருந்தகங்களில் பல பல் சிகிச்சைகளுக்கு மானியம் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.