அரீனாவுக்கு டிசிப்ளின் பிரீஸ்ட் டேலண்ட்: ரெய்டு பில்டே போதுமா?

வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) ஆன்லைன் கேமின் லிச் கிங் காலத்து (லெவல் 80) அரீனாவில், அதாவது வீரர்கள் சிறு அணிகளாக மோதும் களத்தில், டிசிப்ளின் பிரீஸ்ட் என்ற ஹீலருக்கு (அணியைக் குணப்படுத்துபவருக்கு) ரெய்டு பில்டே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரெய்டு பில்டு, அதாவது பெரிய குழுவாகச் சேர்ந்து பாஸை வீழ்த்தும் ஆட்டத்துக்கான டேலண்ட் (திறன்) தேர்வு, போதாது. ரெய்டில் பாஸ் பெரும்பாலும் அடி தாங்கவென்றே நிற்கும் டேங்கைத்தான் அடிக்கும். அரீனாவில் எதிரணி முதலில் பாய்வது ஹீலர் மேல். அதனால் ‘எவ்வளவு ஹீல் பண்ணுவேன்’ என்பதைவிட ‘ஹீல் பண்ண எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்’ என்பதுதான் முக்கியம்.

மொத்தம் 71 டேலண்ட் புள்ளிகள். பெரும்பகுதி டிசிப்ளின் பிரிவுக்கே போகட்டும். வாங்கும் அடியைக் கொஞ்ச நேரம் குறைக்கும் பெயின் சப்ரஷனும், ஹீல் பண்ணும் பெனன்ஸும் அங்கேதான் இருக்கின்றன. முதல் வரிசையிலேயே அன்பிரேக்கபிள் வில்லில் 5 புள்ளிகளையும் போட்டுவிடுங்கள். ரெய்டு ஆடுகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள். ஆனால் ஸ்டன் (செயலிழக்க வைப்பது), பயம், சைலன்ஸ் (மந்திரம் போடவிடாமல் தடுப்பது) எல்லாம் நீடிக்கும் நேரத்தை இது 30% குறைக்கிறது. ரோக் வகை எதிரியின் 6 நொடி ஸ்டனான கிட்னி ஷாட் 4 நொடிக்குக் கொஞ்சம் மேல் என்று இறங்கிவிடும். அப்படி மிச்சமாகும் கிட்டத்தட்ட இரண்டு நொடிக்குள் ஒரு ஷீல்டு போட்டுவிடலாம், பெனன்ஸையும் தொடங்கிவிடலாம். என் கணக்கில் இந்த 5 புள்ளிகளுக்கு ஈடே இல்லை.

அடுத்து ஃபோகஸ்டு வில். உங்கள் மேல் கிரிட் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழ விழ, வாங்கும் அடி குறையும். மார்ட்டர்டமையும் விடாதீர்கள், இல்லாவிட்டால் அடி வாங்கிக்கொண்டே காஸ்ட் (மந்திரம் போடுவது) முடிப்பது பெரும்பாடு.

மிச்சப் புள்ளிகளில் இரண்டை ஷேடோ பிரிவில் இம்ப்ரூவ்டு சைக்கிக் ஸ்கிரீமுக்குக் கொடுங்கள்; சைக்கிக் ஸ்கிரீம்தான் எதிரிகளைப் பயந்து ஓடவைக்கும் மந்திரம். அதன் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) 30 நொடியிலிருந்து 26 ஆகும். சரி, பெயின் சப்ரஷனை எப்போது போடுவது? உயிர் பாதிக்குக் கீழே போகும்வரை காத்திருக்காதீர்கள். எதிரிகள் இருவரும் ஒரே ஆள் மேல் திரும்பும் நொடியிலேயே போடுங்கள்.