காருக்குத் தனி ஜிபிஎஸ் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

செல்பேசியில் வரைபடம் இருக்கும்போது தனிக் கருவி தேவையா, தேவையெனில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கலிஃபோர்னியாவில் கார் ஓட்டும் நண்பர் கேட்டிருக்கிறார். நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால், பெரும்பகுதியில் செல்பேசித் தொடர்பே கிடைக்காத டெத் வேலி பாலைவனப் பூங்கா போன்ற இடங்களுக்கு அடிக்கடி செல்பவருக்கு, முழு வரைபடத்தையும் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் கார்மின், டாம்டாம் போன்ற கருவிகள் உண்மையிலேயே கைகொடுக்கும். இருக்குமிடத்தைக் கணிக்க அவற்றுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை போதும், இணையம் வேண்டியதில்லை. செல்பேசியிலும் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்றாலும், அதை ஒவ்வொரு பகுதிக்கும் நினைவாகச் செய்தாக வேண்டும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, வரைபடத்தை. பழைய வரைபடம் கைவிடப்பட்ட மண்பாதையையும் சாலையெனக் காட்டிவிடும். டெத் வேலிப் பூங்கா நிர்வாகமே ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி வராதீர்கள் என்று எச்சரிக்கிறது. ஆகவே கூடுதல் கட்டணமின்றிப் புதுப்பிப்பு தரும் கருவியையே வாங்குங்கள், காகித வரைபடம் ஒன்றையும் உடன் வையுங்கள்.

திரை அளவைச் சட்டமும் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவில் முன்கண்ணாடியின் கீழ்மூலையில், ஓட்டுநர் பக்கம் 5 அங்குலச் சதுரத்துக்குள்ளோ எதிர்ப்பக்கம் 7 அங்குலச் சதுரத்துக்குள்ளோதான் கருவியைப் பொருத்தலாம். வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுச் செல்லாதீர்கள். லித்தியம் மின்கலம் வெப்பத்தில் விரைவில் கெடும்.