ஃபிளாரன்ஸில் ஜெலாட்டோ: எந்தக் கடைக்குப் போகலாம்?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் ஃபிளாரன்ஸில் இருப்போம். போனமுறை போன்டே வெக்கியோ பாலத்தருகே ஒரு கடையில் நான்கு கோன் ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) வாங்கி, பில்லைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. ருசியும் சுமார்தான். நல்ல கடை எது? அம்மா முட்டை சாப்பிட மாட்டார்.

பதில்: கடைக்குள் நுழைந்ததும் பிஸ்தாவைப் பாருங்கள். கிளிப்பச்சையாக இருந்தால் அது சாயம். அசல் பிஸ்தா, பழுப்பு கலந்த மங்கிய பச்சையாகத்தான் இருக்கும். வாழைப்பழமும் அப்படித்தான்: வீட்டில் மசித்து வைத்த பழம் அரைமணியில் கறுத்துப்போகிறதே, இங்கே மட்டும் எப்படிப் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும்? கோபுரம்போல் குவித்து, மேலே பழத்துண்டு செருகி வைத்திருந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன். நல்ல ஜெலாட்டோ இளகலாக இருக்கும், அவ்வளவு உயரம் நிற்காது. மூடி போட்ட வட்டத் தொட்டிகளில் இருந்து எடுத்துக் கொடுக்கிற கடை என்றால் தயங்காமல் நுழையலாம். ‘ஆர்டிஜனாலே’ (கைப்பக்குவத்தில் செய்தது) என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் மாட்டலாம்.

கடைகள்? கதீட்ரலுக்கும் சிக்னோரியா சதுக்கத்துக்கும் நடுவே, 1939 முதல் இருக்கிற ‘பெர்க்கே நோ’. சாந்தா குரோச்சே தேவாலயத்தின் பக்கம் ‘விவோலி’. அங்கே கோன் கிடையாது, கப் மட்டும்தான். ஆர்னோ ஆற்றின் தென்கரையில், கராயா பாலத்தடியில் ‘லா கராயா’. குழந்தைகளோடு போனால் எனக்குப் பிடித்தது அதுதான். கப்பை வாங்கிக்கொண்டு பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று சாப்பிடலாம்.

உங்கள் பில் எகிறியதற்குக் காரணம் பெரும்பாலும் கோனின் அளவாகத்தான் இருக்கும். வெறுமனே “கோன்” என்றால், சுற்றுலாக் கடைகளில் பெரிய வாஃபிள் கோனை நிரப்பி நீட்டிவிடுவார்கள். விலைப்பலகையைப் பார்த்து, சிறிய கப்பைச் சுட்டிக்காட்டி “பிக்கோலா” (சின்னது) என்று சொல்லுங்கள். சின்னதிலேயே பெரும்பாலும் இரண்டு சுவை கேட்கலாம். சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டி வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு ‘கிரேமா’ என்ற சுவை வேண்டாம், அதில் மஞ்சள் கரு உண்டு. எலுமிச்சை, ஸ்ட்ராபெரி போன்ற பழ சோர்பெத்தோ (பழமும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து உறைய வைத்தது) பொதுவாக முட்டை, பால் இரண்டும் இல்லாதது. இருந்தாலும் “சென்சா உவோவா?” (முட்டை இல்லாததா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் ரொம்பக் கண்டிப்பானவர் என்றால், கரண்டியையும் கழுவி எடுக்கச் சொல்லுங்கள்; சில இடங்களில் ஒரே கரண்டிதான் எல்லாத் தொட்டிக்குள்ளும் போய்வருகிறது.