கொரேயாவின் தியென்டோ: கீபோர்டை எங்கே பிரிப்பது?

அன்புள்ள ஐயா,

ஸ்பானிய ஆர்கன் கலைஞர் பிரான்சிஸ்கோ கொரேயா தெ அரௌஹோவின் ‘மேதியோ ரெஹிஸ்ட்ரோ’ (பாதி ஸ்டாப்) தியென்டோ (ஆர்கனுக்கான ஸ்பானிய இசைவடிவம்) ஒன்றை எலக்ட்ரானிக் கீபோர்டில் பழகுகிறேன். ஸ்ப்ளிட் போட்டு, இரு பக்கத்துக்கும் வெவ்வேறு ஒலி வைத்தும், இடதுகையின் துணைக்குரல் திடீர் திடீரென்று வலதுபக்க டிரம்பெட்டாகக் கேட்கிறது. அடியில் இடதுகைக்கு எட்டாத விரிவுகள். ஓரிடத்தில் சி-யும் சி ஷார்ப்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அச்சுப்பிழையா?

ஸ்டீபன்

அன்புள்ள ஸ்டீபன்,

முதல் இரண்டும் கருவியால் வரும் தொல்லை. மூன்றாவது கொரேயாவே வேண்டி எழுதியதாகத்தான் இருக்கும்.

அவர் ஸ்பெயினின் செவில் நகரத்துச் சான் சல்வதோர் தேவாலயத்தில் 1599 முதல் ஆர்கன் வாசித்தவர். 1626இல் அச்சான அவருடைய ‘ஃபகுல்தாத் ஓர்கானிகா’ நூலின் 69 உருப்படிகளில் பல, ஸ்டாப்புகளை (ஒலிவகையைத் தேர்ந்தெடுக்கும் இழுப்பான்களை) பாதிப் பாதியாக இழுக்கக்கூடிய ஸ்பானிய ஆர்கனுக்கானவை. அதில் நடு சி இடதுபாதியின் கடைசிக் கட்டை. அடுத்த கறுப்புக் கட்டையில் வலதுபாதி தொடங்கும். உங்கள் கீபோர்டில் பிரிவு இதற்குக் கீழே இருக்கிறது, அதனால்தான் துணைக்குரல் எல்லை தாண்டுகிறது. திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்: நடு சி-யைச் சிலர் சி3 என்பார்கள், சிலர் சி4 என்பார்கள். பிரிவுக் கட்டை எந்தப் பக்கம் சேரும் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு கட்டைகளையும் அழுத்திக் காதால் பாருங்கள். இடது வாய்ஸில் ஆக்டேவ் மாற்றம் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். டச் (அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறுவது), சஸ்டெயின் (கையெடுத்த பின்னும் ஒலி நீடிப்பது) இரண்டும் வேண்டாம்.

விரிவுக்குக் காரணம் ‘குறுகிய ஆக்டேவ்’. அந்த ஆர்கன்களில் ஈ-யின் இடத்தில் இருக்கும் கட்டைதான் அடி சி-யைத் தரும். எஃப் ஷார்ப் கட்டை டி-யை, ஜி ஷார்ப் கட்டை ஈ-யை. ஆக, அடி சி-யிலிருந்து பத்தாம் சுரமான ஈ வரை கைக்கு ஓர் ஆக்டேவ்தான். நம் கீபோர்டில் அது எட்டாது. வலதுகை ஓய்வில் இருந்தால் மேல் சுரத்தை அதற்குக் கொடுங்கள்; இல்லையேல் அடிச் சுரத்தைச் சற்று முன்னதாக விடுங்கள். சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீணைபோல் உடைத்து வாசித்தால் குரல்களின் பின்னல் கலைந்துவிடும்.

சி, சி ஷார்ப் மோதலுக்கு வருவோம். ஒரு குரல் சுரத்தை உயர்த்தும்போது மற்றொன்று உயர்த்தாமலே பிடித்திருக்கும். இதற்கு ‘பூன்டோ இன்டென்சோ கோன்ட்ரா ரெமீசோ’ என்று பெயர். கொரேயா தன் நூலில் இதற்காக வாதாடுகிறார். கூச்சப்பட்டு ஒன்றைச் சுருக்கினால் காரமே போய்விடும். இரண்டையும் முழு நீளம் பிடியுங்கள். கருவியில் மீன்டோன் என்ற பழைய சுருதிமுறை இருந்தால் சி-யை ஆதாரமாக வைத்து ஒருமுறை வாசியுங்கள்: மேஜர் மூன்றாம் சுரங்கள் அங்கே தூய்மையாக நிற்பதால், இந்த உரசல் இன்னும் கூர்மையாகக் கேட்கும்.