கோழிப் புண்ணில் புழு வைத்துவிட்டதா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்தால் போதும், எல்லோரும் இதையேதான் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, முட்டைக்கோழி ஒன்று இரண்டு நாளாக மூலையிலேயே நிற்கிறது. தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் நாற்றம், வெள்ளையாகப் புழு நெளிகிறது. என்ன செய்வது?

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், உடனே செய்ய வேண்டும். கொதித்து ஆறிய 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, கோழியின் பின்பக்கத்தை மட்டும் அதில் ஊற விடுங்கள். ஒட்டிக் கிடக்கும் இறகைக் கத்தரித்துவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் புண்ணுக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் புழு வெளியே வரும், அப்படியும் வராததை இடுக்கியால் எடுங்கள். இறகின் அடியில் அரிசிக் குருணை மாதிரி கொத்தாக ஒட்டியிருப்பது ஈயின் முட்டை, அதை விட்டுவைத்தால் நாளைக்கு அதுவும் புழுதான். அப்புறம் ஈரமே இல்லாமல் துடைத்து, தனிக் கூண்டில் விட்டு, கொசுவலையால் மூடுங்கள். காலையும் மாலையும் மறுபடி திறந்து பாருங்கள், முதல் தடவையிலேயே எல்லாப் புழுவும் வந்துவிடாது.

கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், சீத்தாப்பழ இலை எல்லாம் போடலாமா?

மாட்டுக்குப் புழுப்புண் வந்தால் இந்த இரண்டில் ஒன்றை முதல் நாள் மட்டும் போடச் சொல்வார்கள். கோழிக்கும் அதே கணக்குத்தான், ஆனால் கோழி சின்ன உடம்பு, அதனால் கொஞ்சமாகத் தடவுங்கள். சீத்தா இலைச் சாறு கண்ணில் படவே கூடாது, உங்கள் கண்ணிலும்தான். மறுநாளிலிருந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதும். நான் மருந்தைவிடக் கழுவுவதைத்தான் நம்புகிறேன். புழுவை எடுக்காமல் மேலே மருந்து பூசினால் அது இன்னும் உள்ளே போய்விடும்.

எங்கள் ஊரில் பெட்ரோல், பினாயில் ஊற்றுகிறார்கள்.

வேண்டாம். புழு சாகும், கூடவே நல்ல தோலும் வெந்துவிடும். அந்த நெடியைக் கோழியின் நுரையீரல் தாங்காது.

அக்கம்பக்கத்துக் கோழி எதற்கும் வராமல் என் கோழிக்கு மட்டும் ஏன் வந்தது? புண்ணே இல்லையே!

புண் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கழிச்சலில் பின்பக்க இறகு நனைந்து எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் அந்த நாற்றமே ஈயை இழுத்துவிடும், இந்த வெக்கையில் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். நாய், கீரி கடித்த இடம், சேவல் மிதித்துக் கிழித்த முதுகு, ஒன்றையொன்று கொத்திய காயம் எல்லாமே வாசல்தான். அடைக்கோழியை யாரும் நினைப்பதே இல்லை. போன ஐப்பசியில் என் அடைக்கோழி ஒன்று எழுந்திருக்காமலே கிடந்தது, முட்டை கலையுமே என்று நானும் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தபோது வயிறுவரை அரித்திருந்தது. இன்றும் மனசு ஆறவில்லை. அதனால் அடைக்கோழியைத் தினம் ஒரு தடவை இறக்கிவிட்டு, வாலைத் தூக்கிப் பாருங்கள். கழிச்சல் இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள், அது நிற்காமல் புழு நிற்காது.

கூட்டில் என்ன செய்தால் ஈ குறையும்?

ஈரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர்ச் சட்டி சிந்துகிற இடத்துக் கூளத்தை அன்றன்றைக்கே அள்ளுங்கள், பஞ்சாரத்தை வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள், எச்சத்தை வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்டி மண்ணால் மூடுங்கள்.

கோழிதான் புழுவைத் தின்னுமே, விழுந்த புழுவை அதற்கே போட்டுவிடலாமா?

போடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிடுங்கள். செத்த கோழியில் நெளியும் புழுவைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் தொங்கிப்போகும், நஞ்சு ஏறிவிடும். செத்ததை ஆழமாகப் புதையுங்கள்.

ஊசி போட வேண்டுமா? முட்டையைச் சாப்பிடலாமா?

புண் ஆழமாக இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழு மருந்தின் அளவைக் கோழியின் எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும், ஆட்டுக்கு வாங்கி வைத்ததைக் குத்துமதிப்பாக ஏற்றாதீர்கள். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடல் தெரிகிறது அண்ணா...

அந்த நிலையில் பிழைக்காது தம்பி. வலியில் கிடக்க விடாமல் மருத்துவரிடம் சொல்லி முடித்துவிடுங்கள். மற்ற கோழிகளை இன்றைக்கே ஒவ்வொன்றாகப் பிடித்து வாலைத் தூக்கிப் பாருங்கள்.