ஆறு வயதுச் சுருள்முடிக்கு 140 பவுண்ட் தண்டம் வேண்டாம்

கேள்வி: எனக்கு மதுரைப் பக்கம். கணவர் கானாவில் குமாசி நகரத்துக்காரர். தென் லண்டனில் வசிக்கிறோம். ஆறு வயது மகளுக்கு அப்பாவைப் போலவே இறுக்கமான சுருள்முடி. தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னுகிறேன். வலி தாங்காமல் அழுகிறாள். சீப்பு முழுக்கத் துண்டு துண்டாக உடைந்த முடி. இரண்டு வருடமாகக் கழுத்தைத் தாண்டி வளரவே இல்லை. மொட்டை போட்டால் நேராக, அடர்த்தியாக வரும் என்கிறார் என் அம்மா. ஒட்ட வெட்டிவிடு என்கிறார் மாமியார். முடியை நேராக்க, பக்கத்துப் பார்லரில் குழந்தைகளுக்கான மைல்டு ரிலாக்ஸர் போடலாம், இல்லாவிட்டால் ஃபார்மால்டிஹைடு கலக்காத கெரட்டின் செய்யலாம், 140 பவுண்ட் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா? பின்னந்தலையில் கொஞ்சம் செதிலும் இருக்கிறது. அதற்கு எந்த எண்ணெய் நல்லது?

தோல் மருத்துவர் பதில்:

பார்லரில் சொன்ன இரண்டையுமே செய்யாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். இதில் மட்டும் அவசரப்பட்டு நாள் குறித்துவிட வேண்டாம்.

ரிலாக்ஸர் என்பது கடுமையான காரம். பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. நாம் காஸ்டிக் சோடா என்கிறோமே, அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றுவது, அதேதான். குழந்தைகளுக்கான பெட்டியில் சிரிக்கிற சிறுமி படம் போட்டு 'நோ லை' என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு ரசாயனம் மட்டும் அதில் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்குப் பதிலாக இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்கும். கலந்தவுடன் அதுவும் தோலைப் பொசுக்கக்கூடிய காரம்தான். முடிக்குள் இருக்கும் பிணைப்புகளை உடைத்தால்தான் சுருள் நேராகும். வலிக்காமல், சேதமில்லாமல் உடைக்கிற மைல்டு வகை எதுவும் கிடையாது. அதோடு வேரிலிருந்து புதிதாக வருவது மறுபடி சுருளாகத்தான் வரும். ஆறு, எட்டு வாரத்தில் திரும்பப் போய் நிற்பீர்கள். பார்லருக்கு வேண்டியதும் அதுதான். 140 பவுண்ட் என்பது ஒரு தடவைக்கான கட்டணம்.

கெரட்டின் விஷயத்தில் ஏமாற்று இன்னும் நைசாக நடக்கிறது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று லேபிள் ஒட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பாட்டிலில் இருந்தது மெத்திலீன் கிளைக்கால். சூடான அயர்ன் பட்டதும் அதிலிருந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஃபார்மால்டிஹைடு ஆவியாகக் கிளம்பும். 2023-ல் அதே எஃப்.டி.ஏ. இதற்குத் தடை கொண்டுவரப் போவதாக அறிவித்தது. குறித்த தேதி வந்தது, போனது. அடுத்த தேதியும் அப்படியே போனது. அதற்குள் வியாபாரிகள் கிளையாக்சிலிக் அமிலத்துக்கு மாறி, இது பாதுகாப்பானது என்று விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கதையும் 2024-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு ரசாயனத்தைத் துரத்திப் பிடிப்பதற்குள் இன்னொன்று கடைக்கு வந்துவிடுகிறது. சட்டம் எப்போதும் பின்னால்தான் ஓடிவருகிறது. லேபிளை நம்பி ஆறு வயதுக் குழந்தையை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

பெரியவர்கள் சம்பந்தமாக ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 33,000-க்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒரு வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருகிறவர்கள் 100-க்குச் சுமார் 4 பேர் என்று கணக்கிட்டார்கள். பயன்படுத்தாதவர்களில் 2 பேர்கூட இல்லை. இதை வைத்து ரசாயனம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறு வயதில் தொடங்கினால் எத்தனை வருடம் தலையில் ஏறும் என்று பாருங்கள்.

சரி, முடி ஏன் உடைகிறது? மகளின் முடிக்கு நோய் எதுவும் இல்லை. நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். இவள் முடி தட்டையானது. வேரே தோலுக்கடியில் வளைந்திருப்பதால் முறுக்கிக்கொண்டே வெளியே வரும். ஒவ்வொரு முறுக்கும் ஒரு பலவீனமான இடம். உங்கள் தலையில் சுரக்கிற எண்ணெய் நேராக நுனிவரை இறங்கிவிடும். அவள் தலையில் அது இத்தனை வளைவையும் தாண்டிப் போவதில்லை. அதனால் நுனி எப்போதும் வறண்டே கிடக்கும். வளர்ச்சியும் கொஞ்சம் மெதுவு: நம் முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், இந்த வகை முக்காலிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான். ஆக வருடத்துக்கு ஒன்பது சென்டிமீட்டராவது வேரில் வளர்கிறது. அதை நுனியில் தினமும் உடைத்துக்கொண்டிருப்பது உங்கள் சீப்பு. அடுத்த முறை தலை ஈரமாக இருக்கும்போது ஒரு சுருளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தோள்வரை வந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ந்ததும் சுருங்கிக்கொள்வதால்தான் வளரவில்லை என்று தோன்றுகிறது.

நேர்முடியைக் காய்ந்த பிறகு வாருவது நல்லது. இந்த முடிக்கு அது நேரெதிர். காய்ந்த நிலையில் சீப்பே படக்கூடாது. தினமும் வாரவும் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு மற்ற ஆறு நாளும் அந்தத் தலையைச் சும்மா விடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் தலையை நான்காகவோ ஆறாகவோ வகிடு எடுத்துத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஷாம்பு மண்டைக்கு மட்டும் போதும். விரல்நுனியால் தேய்த்து அலசினால் இறங்குகிற நுரையே நுனியைச் சுத்தம் செய்துவிடும். முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். அப்புறம் கண்டிஷனர். நீங்கள் உங்களுக்குப் போடுகிற அளவைப் போல மூன்று மடங்கு, கை தயங்காமல் போடுங்கள். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, கண்டிஷனர் வழவழவென்று இருக்கும்போதே முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். எப்போதும் நுனியிலிருந்து. கடைசி இரண்டு விரல் அளவு சிக்கில்லாமல் வந்த பிறகு கொஞ்சம் மேலே, அது வந்ததும் இன்னும் மேலே. வேருக்குக் கடைசியில்தான் வர வேண்டும். இன்னொரு கையால் சீப்புக்கு மேலே முடியைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது, அழுகையும் பாதி நின்றுவிடும். முடிந்த பாகத்தை உடனே முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உச்சியிலிருந்து இழுத்து வாரினால் எல்லாச் சிக்கும் இறங்கி நுனியில் ஒரே முடிச்சாக நின்றுவிடும். நாம் எல்லாரும் நம் அம்மா கையால் அப்படித்தான் வாரிக்கொண்டோம், நம் முடி அதைத் தாங்கியது.

அலசிய பிறகு டவலால் தேய்க்காமல் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே அலசத் தேவையில்லாத கண்டிஷனர் கொஞ்சம், அதன்மேல் எண்ணெயோ ஷியா பட்டரோ கொஞ்சம். ஷியா வட கானாவில் விளைகிற கொட்டை, அதன் கொழுப்புதான் இந்த பட்டர், மாமியாரிடம் சொன்னால் அங்கிருந்தே நல்லதாக வரும். பிறகு இரண்டிரண்டு புரியாக முறுக்கியோ தளர்வாகப் பின்னியோ விடுங்கள். இரவில் சாட்டின் தொப்பி அல்லது சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை முடியை உரசி உடைக்கும். நடுவாரத்தில் வறண்டு தெரிந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளித்தால் போதும்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை. முடிக்குள் இறங்கிப் புரதம் வெளியேறுவதைக் குறைக்கிற எண்ணெய் அது. குளிப்பதற்கு முதல் நாள் இரவு முடியில் தடவுங்கள். ஆனால் எண்ணெய் ஈரம் தராது. இருக்கிற ஈரத்தைப் போகாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். வறண்ட முடியில் தினமும் எண்ணெய் பூசினால் வறட்சிதான் உள்ளே பூட்டப்படுகிறது. சீயக்காய் வேண்டாம். தூள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜமைக்கன் கறுப்பு விளக்கெண்ணெய் என்று ஒன்றைப் பெரிய விலைக்குத் தலையில் கட்டுவார்கள். கொட்டையை வறுத்து எடுத்த ஆமணக்கெண்ணெய், வேறொன்றுமில்லை. அதனால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதேபோல, தண்ணீர்த் தம்ளரில் ஒரு முடியைப் போட்டு அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து, 'உங்கள் மகளுக்கு 4சி வகை', அதாவது மிக இறுக்கமான சுருள், என்று சான்று கொடுத்து, ஏழு பாட்டில் அடங்கிய செட்டை விற்கிற ஆன்லைன் ஆலோசகர்களிடமும் போகாதீர்கள். ஒரு ஷாம்பு, ஒரு கண்டிஷனர், ஒரு எண்ணெய், ஒரு சீப்பு. முப்பது பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

வேறு பார்லர் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பிரிட்டனில் ஆப்ரோ முடியை, அதாவது இந்த மாதிரி ஆப்பிரிக்கச் சுருள்முடியை, ஒரு தடவைகூடத் தொடாமலே சிகை அலங்காரத் தகுதி பெற்றுவிடலாம் என்ற நிலைமை 2021 வரை இருந்தது. அந்த வருடம்தான் தொழில் தரத்தை மாற்றி எழுதினார்கள். அதற்கு முன்பு படித்தவர்கள் எல்லாரும் இப்போதும் கத்தரிக்கோலும் கையுமாகத்தான் இருக்கிறார்கள். தெரியாத முடியைப் பார்த்ததும் 'நேராக்கிவிடலாம்' என்ற யோசனை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கணவரின் அக்கா தங்கைகளோ சபையில் தெரிந்த கானா, நைஜீரியப் பெண்களோ உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டிக்கொடுத்தால், நான் இங்கே எழுதியதைவிட நன்றாகவே புரியும்.

அவர்கள் பின்னிவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். பின்னி முடித்ததும் குழந்தை வலிக்கிறது என்றால் அது இறுக்கம். நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் அன்றே அவிழ்த்துவிடுங்கள், கொடுத்த காசைப் பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் இழுத்துக் கட்டினால் காதோரமும் நெற்றியோரமும் சொட்டையாகும். ஆரம்பத்தில் விட்டால் வளர்ந்துவிடும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேரே தழும்பாகிவிடும். நுனியில் கனமான மணிகளும் வேண்டாம்.

இனி அம்மாவின் மொட்டை. நேர்த்திக்கடன் என்றால் அது உங்கள் குடும்ப விஷயம், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் வேர் தோலுக்கடியில் இருக்கிறது. சவரக்கத்தி அதைத் தொடுவதே இல்லை. எத்தனை மொட்டை போட்டாலும் அதே முடிதான் வரும். மாமியார் ஒட்ட வெட்டச் சொல்வதற்குக் காரணம் வேறு. கானாவின் அரசுப் பள்ளிகளில் மாணவிகள் ஒட்ட வெட்டிக்கொள்வது வழக்கமான விதி. அது பள்ளிக்கூடத்தின் சட்டம், முடிக்கான வைத்தியம் அல்ல.

கடைசியாகச் செதில். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியதை நான் எளிதாக விட முடியாது. மண்டை முழுக்க லேசான வறட்டுப் பொடி என்றால் மேலே சொன்ன பராமரிப்பிலேயே குறையும். ஆனால் செதில் ஒரே இடத்தில் வட்டமாக இருக்கிறதா? அந்த இடத்தில் முடி குறைந்திருக்கிறதா? தோலோடு ஒட்ட உடைந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறதா? பின்கழுத்தில் நெரிகட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள். அது தலையில் வருகிற படர்தாமரையாக இருக்கலாம். லண்டனில் ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிற பூஞ்சைத் தொற்று. எண்ணெய் பூசினால் செதில் படிந்து மறைந்துவிடும், நோய் உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பத்து நிமிடச் சந்திப்பில் 'வறட்சிதான்' என்று சொல்லி ஒரு க்ரீமை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கிறது. பூஞ்சை முடித்தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் இருப்பதால் மேல்பூச்சு க்ரீம் அதைக் குணப்படுத்தாது. ஸ்டீராய்டு க்ரீம் என்றால் சிவப்பு அடங்கி, நோய் இன்னும் பரவும். செதிலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரச் சில வாரம் ஆகலாம். பார்த்தவுடனேயே சந்தேகம் பலமாக இருந்தால் அதுவரை காத்திராமல் மருந்தைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். மருந்து வாய்வழியாக, எடைக்கேற்ற அளவில், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியது. செதில் போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். பூஞ்சைக்கான ஷாம்பு பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும், தனியாக அது மட்டும் போதாது. வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். செதிலே தெரியாமல் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. அவள் சீப்பு, தொப்பி, தலையணை உறை தனியாக இருக்கட்டும். வெளியே பின்னக் கொண்டுபோகிற இடத்துக்கும் உங்கள் சீப்பையே எடுத்துப் போங்கள். மருந்து தொடங்கிவிட்டால் பள்ளிக்கு அனுப்பத் தடையில்லை.